பேர்லினிலிருந்து ஒரு மெலிந்த குரல்

வானொலிக்கு ஏற்ற குரல் வில்லியம் ஷைரருக்கு இருக்கவில்லை. மெலிந்த, தட்டையான, ஏற்ற இறக்கம் குறைந்த குரல். 1937 செப்டெம்பரில் பேர்லினில் அவருக்கு நடத்தப்பட்ட குரற் சோதனையை அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் நியூயோர்க்கில் இருந்து செவிமடுத்த சி.பி.எஸ். நிறுவனத்தின் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவரைத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் எட்வேர்ட் மரோ. குரலைத் தேடி அல்ல, ஐரோப்பாவை அறிந்த ஒரு செய்தியாளரைத் தேடியே தான் பேர்லினுக்குப் போனதாக மரோ கருதியிருக்க வேண்டும். ஷைரர் அப்போது வேலையிழந்து நின்ற ஒரு பத்திரிகையாளர். மனைவி கர்ப்பிணி. அட்லன் ஹோட்டலில் மரோ கொடுத்த இராப்போசன விருந்துக்கு அவர் எந்த மனநிலையில் போயிருப்பார் என்பதை எமது தொழிலில் இருந்தவர்களால் எளிதில் ஊகிக்க முடியும்.

வானொலிச் செய்தியாளர் என்றதும் உலகம் மரோவின் பெயரையே உச்சரிக்கிறது. இலண்டன் மாநகர் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த 1940ஆம் ஆண்டில் அவர் நிகழ்த்திய ஒலிபரப்புகள் ஒலிபரப்புத்துறை மாணவர்களுக்குப் பாடமாகிவிட்டன. டிரபல்கர் சதுக்கத்தில் ஒலிவாங்கியை நிலத்துக்கு அண்மையாகப் பிடித்து, பதுங்குகுழியை நோக்கி அவசரப்படாமல் நடந்து செல்லும் மக்களின் காலடி ஓசையை அமெரிக்காவின் வரவேற்பறைகளுக்குக் கொண்டுசென்றவர் அவர். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால், எனக்கு எப்பொழுதும் ஷைரர் மீதுதான் ஈடுபாடு அதிகம். மரோ இருந்தது தனது கேட்போர் அனுதாபம் கொண்டிருந்த ஒரு நகரத்தில். ஷைரர் இருந்தது எதிர்ப்பக்கத்தின் தலைநகரில். ஒவ்வொரு சொல்லையும் மூன்று அதிகாரிகள் வாசித்துப் பார்த்த பின்னர்தான் அவரால் வாய் திறக்க முடிந்தது. தணிக்கையின் கீழ் பத்திரிகை நடத்திய ஒரு நாட்டில் தொழில் செய்தவனுக்கு இரண்டாமவரின் அனுபவம் நெருக்கமாக இருப்பதில் வியப்பில்லை.

அவரது ‘பேர்லின் நாட்குறிப்பு’ எனக்குக் கிடைத்தது மருதானையில் உள்ள பழைய புத்தகக் கடை ஒன்றில். அட்டை கழன்று, கரையான் அரித்த ஓரங்களுடன் இருந்த பிரதி. அதை வாங்கியபோது அவரைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது, நாஜி ஜேர்மனியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி 1960இல் வெளியான அந்தத் தடித்த நூலை எழுதியவர் என்பது மட்டுமே. அதற்கும் முன்னர், 1930-31ஆம் ஆண்டுகளில் சிக்காகோ ட்ரிபியூன் பத்திரிகையின் நிருபராக இந்தியாவுக்கு வந்து மகாத்மா காந்தியைப் பின்தொடர்ந்தவர் அவர் என்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன். சத்தியாக்கிரகத்தையும் பின்னர் ஹிட்லரின் நூரெம்பேர்க் பேரணிகளையும் ஒரே சோடிக் கண்களால் அருகிலிருந்து பார்த்த செய்தியாளர்கள் உலகில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அன்றைய வானொலி இன்று நாம் அறிந்த வானொலி அல்ல. 1937இல் சி.பி.எஸ். நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரதிநிதிகள் செய்தி வாசிப்பதில்லை. அவர்கள் ஒழுங்கமைப்பாளர்கள். யாரையாவது பேச வைப்பார்கள். சிறுவர் பாடகர் குழுக்களைத் தேடிப் பிடித்து ஒலிபரப்புவார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் செய்தி சொல்ல வேண்டுமானால் பத்திரிகையாளர் ஒருவரை அழைத்துக் கூலி கொடுத்துச் சொல்ல வைக்க வேண்டும் என்பதே நியூயோர்க்கின் கட்டளை. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையாளராக இருந்த ஷைரருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

இதன் அபத்தம் 1938 மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. ஒஸ்திரியா ஹிட்லரின் கைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த வாரத்தில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு ஐரோப்பாவில் இருந்த இரண்டே இரண்டு பேரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? மரோ வார்சோவில் ஒரு சிறுவர் நிகழ்ச்சி தொடர்பாக அலைந்துகொண்டிருந்தார். ஷைரர் யூகோஸ்லாவியாவில் லுப்லியானா நகரில் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுடைய பாட்டை ஒலிபரப்பப் போயிருந்தார். மார்ச் 11ஆம் திகதி அவர் வியன்னாவுக்குத் திரும்பி வந்தபோது, அவரது மனைவி கடினமான பிரசவத்துக்குப் பின்னர் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தார். அன்று மாலை சான்சலர் ஷுஷ்நிக் தான் அறிவித்திருந்த மக்கள் தீர்ப்பை இரத்துச் செய்தார். பின்னர் வானொலியிலேயே பதவி விலகலை அறிவித்தார். தெருக்களை நாஜிக் கும்பல்கள் நிறைத்தன. வியன்னாவில் அன்றிரவு இருந்த ஒரே அமெரிக்க வானொலிக்காரர் ஷைரர்தான். செய்தி அவரது கையில். ஆனால், வானொலி நிலையத்துக்குப் போனபோது துப்பாக்கிச் சனியன்களுடன் நின்றவர்கள் அவரை வெளியே தள்ளிவிட்டார்கள்.

பத்திரிகையாளனுக்கு இதைவிடக் கொடிய சித்திரவதை கிடையாது. எழுதத் தெரியும், தகவல் இருக்கிறது, அனுப்ப வழியில்லை.

தொலைபேசியில் மரோவுடன் பேசியபோது கிடைத்த யோசனை எளிமையானது. இலண்டனுக்குப் பறந்து செல், தணிக்கையின்றிச் சொல். அதுவரை நான் வியன்னாவுக்குப் போகிறேன். ஷைரர் பேர்லின் வழியாக இலண்டன் போய்ச் சேர்ந்து மார்ச் 12ஆம் திகதி தான் கண்டதைச் சொன்னார். மரோவோ, வேறு வழியின்றி, 27 ஆசனங்கள் கொண்ட விமானம் ஒன்றை ஆயிரம் டொலருக்கு வாடகைக்கு அமர்த்தித் தனியொரு பயணியாக வியன்னாவில் போய் இறங்கினார். நிறுவனத்தின் கணக்காளர் அந்தப் பற்றுச்சீட்டைப் பார்த்தபோது அவரது முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். எனது காலத்தில் முச்சக்கர வண்டிக் கட்டணத்துக்கே மூன்று இடங்களில் ஒப்பம் வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இலண்டனில் மாலை ஐந்து மணியளவில் நியூயோர்க்கிலிருந்து ஷைரருக்கு அழைப்பு வந்தது. இலண்டன், பாரிஸ், பேர்லின், வியன்னா, ரோம் ஆகிய நகரங்களிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பேசும் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று வேண்டும். எப்போது? அன்றிரவே, இலண்டன் நேரப்படி அதிகாலை ஒரு மணிக்கு. அத்தகையதொன்றை அதற்கு முன்னர் எவரும் செய்ததில்லை. எட்டு மணி நேரமே இருந்தது. ஐரோப்பாவில் வார இறுதி. பொறியியலாளர்களும் நிருபர்களும் நகரங்களைவிட்டு வெளியே போயிருந்த நேரம்.

இதன் கடினத்தை விளங்கிக்கொள்வதற்கு அக்காலத் தொழில்நுட்பத்தைச் சற்று அறிந்திருக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்யப்பட்ட எதையும் ஒலிபரப்புவதில்லை என்பது அப்போது பெரிய அமெரிக்க வானொலி நிறுவனங்களின் கண்டிப்பான விதி. யாவும் நேரடி. ஒவ்வொரு நகரிலிருந்தும் குரல் சிற்றலையில் கடலைக் கடக்க வேண்டும். சிற்றலை அனுப்பும் வசதி இல்லாத நகரங்களிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக வேறொரு நகரத்துக்குக் கொண்டுசென்று அங்கிருந்து அனுப்ப வேண்டும். ஒரு நகரில் பேசுபவருக்கு மற்ற நகரில் பேசுபவரின் குரல் கேட்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே, எல்லோரும் கடிகாரங்களைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, குறித்த நொடியில் தொடங்கிக் குறித்த நொடியில் முடிக்க வேண்டும். முன்னவர் முடித்துவிட்டாரா என்று தெரியாமலே அடுத்தவர் பேசத் தொடங்க வேண்டும். சூரியனில் புயல் வீசினால் அலை வராது. ரோமிலிருந்து அன்றிரவு இணைப்புக் கிடைக்கவில்லை. அங்கிருந்த நிருபர் தனது அறிக்கையைத் தொலைபேசியில் இலண்டனுக்குச் சொல்ல, அதனை ஷைரரே வாசித்தார். மற்றவை யாவும் ஒழுங்காக நடந்தேறின. வியன்னாவிலிருந்து பேசிய மரோவுக்கு அது செய்தியாளர் என்ற வகையில் முதல் ஒலிபரப்பு. அந்த அரை மணி நேரத்துடன் வானொலிச் செய்தியின் வடிவமே மாறிவிட்டது. இன்று தொலைக்காட்சியில் ஐந்து நகரங்களிலிருந்து ஐந்து பேர் தோன்றும்போது நாம் தேநீர் அருந்திக்கொண்டு அசட்டையாகப் பார்க்கின்றோம். அதன் பிறப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை.

இராஜதந்திரத்தைச் செய்தியாக்குவது போரைச் செய்தியாக்குவதைவிடக் கடினமானது என்பது எனது நீண்டகால அபிப்பிராயம். போரில் ஏதோ ஒன்று வெடிக்கிறது, விழுகிறது, அதைச் சொல்லலாம். பேச்சுவார்த்தையில் கதவு மூடியிருக்கிறது. வெளியே நிற்கும் செய்தியாளனுக்குக் கிடைப்பது வருகிறவர்களின் கார்களும் போகிறவர்களின் முகங்களும் இறுதியில் வாசிக்கப்படும் ஓர் அறிக்கையும்தான். அந்த அறிக்கை எழுதப்படுவதே எதையும் சொல்லாமல் இருப்பதற்காக. ஒஸ்லோவிலும் ஜெனீவாவிலும் தாய்லாந்திலும் ஹோட்டல் வாசல்களில் காத்துக் கிடந்த எமது நண்பர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

1938 செப்டெம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைவிதி பேசப்பட்ட நாட்களில் ஷைரர் செய்ததை இந்தக் கண்ணோட்டத்துடன் பார்க்க வேண்டும். கோடெஸ்பேர்க் நகரில் சேம்பர்லினும் ஹிட்லரும் சந்தித்த வேளையில், ஹோட்டல் தோட்டத்தின் ஊடாக ஆற்றங்கரைப் பக்கம் நடந்துபோன ஹிட்லரை அவர் அருகிலிருந்து கவனித்தார். நடையில் இருந்த விசித்திரமான வெட்டையும், சில அடிகளுக்கு ஒருமுறை தோள் துடிப்பதையும், கண்களுக்குக் கீழிருந்த கருமையையும் குறித்துக்கொண்டார். பேச்சுவார்த்தையில் என்ன பேசப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்ததாகப் பாவனை செய்யவுமில்லை.

அதைவிட முக்கியமானது செப்டெம்பர் 27ஆம் திகதி பேர்லினில் அவர் கண்ட காட்சி. மாலையில் அலுவலகங்கள் விட்டு மக்கள் வெளியே வரும் நேரம் பார்த்து, இராணுவ வாகன அணியொன்று நகரின் மத்தியினூடாகச் செலுத்தப்பட்டது. 1914இல் நடந்ததுபோல மக்கள் மலர் தூவி ஆரவாரம் செய்வார்கள் என்பது ஏற்பாட்டாளர்களின் எதிர்பார்ப்பு. மக்களோ நிலக்கீழ் ரயில் நிலையங்களுக்குள் விரைந்து மறைந்தார்கள். நின்றவர்களும் வாய்திறக்கவில்லை. மாடத்துக்கு வந்து பார்த்த ஹிட்லருக்குக் கீழே இருநூறு பேர்கூட இல்லை. அவர் உள்ளே போய்விட்டார். தான் வாழ்நாளில் கண்ட மிகப்பெரிய யுத்த எதிர்ப்பு ஆர்ப்பாட்டம் அது என்ற கருத்துப்பட ஷைரர் நாட்குறிப்பில் எழுதினார். ஒரு கோஷமும் இல்லாத ஆர்ப்பாட்டம். சரியான இடத்தில் நின்ற ஒரு செய்தியாளன் இல்லாவிட்டால் அது நடந்ததாகவே வரலாற்றில் இருந்திருக்காது.

மூன்று நாட்களின் பின்னர் மியூனிச் உடன்படிக்கை. அதன் வாசகத்தை முதலில் ஒலிபரப்பியவர் போட்டி நிறுவனமான என்.பி.சி.யின் மக்ஸ் ஜோர்டான். ஷைரர் பின்தங்கிவிட்டார். அதில் அவருக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் நாட்குறிப்பில் மறைக்கப்படவில்லை. ஒரு நாடு கூறுபோடப்பட்ட இரவில், போட்டியாளர் முந்திவிட்டாரே என்றும் ஒருவர் வருந்துகிறார். எங்கள் தொழிலின் இயல்பு அது. புறத்தேயிருந்து பார்ப்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம்.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி, பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்த செய்தி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டபோது வில்ஹெல்ம் சதுக்கத்தில் ஏறத்தாழ 250 பேர் நின்றதாக அவர் எழுதுகிறார். எவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. அன்றுமுதல் தணிக்கை வந்தது. இராணுவத் தலைமையகத்தின் ஒருவர், வெளிநாட்டமைச்சின் ஒருவர், கொயபெல்ஸின் பிரசார அமைச்சின் ஒருவர் என மூவர். ஒவ்வொரு பிரதியும் இந்த மூவரின் கைகளில் போய் வர வேண்டும். பேசும்போது ஒருவர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். பிசகினால் இணைப்பு அறுந்துபோகும்.

ஷைரர் தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அந்த மெலிந்த, தட்டையான குரல் இங்குதான் பயன்பட்டது. தணிக்கையாளர்கள் பார்ப்பது தாளை. குரலை அவர்களால் வெட்ட முடியாது. உத்தியோகபூர்வ அறிக்கை ஒன்றை வாசிக்கும்போது ஒரு சொல்லில் சற்றுத் தயங்குவது, ஒரு இடைவெளி விடுவது, நம்ப முடியாத ஒன்றை மிக வரண்ட தொனியில் சொல்வது. அத்துடன், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் கற்ற ஜேர்மனியருக்கு விளங்காத அமெரிக்கப் பேச்சுவழக்குச் சொற்கள். அமெரிக்காவில் பல காலம் வாழ்ந்து திரும்பிய ஜேர்மனியர்களைத் தணிக்கையில் அமர்த்தும்வரை இந்த உபாயம் நன்றாக வேலை செய்தது.

எங்களிடமும் இவ்வித உபாயங்கள் இருந்தன. 1990களிலும், பின்னர் 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததைத் தொடர்ந்து மே மாதத்திலும் இலங்கையில் இராணுவச் செய்திகள் மீது கடுமையான தணிக்கை இருந்தது. வெளிநாட்டுச் செய்தியாளர்களையும் அது உள்ளடக்கியது. நான் பணியாற்றிய நாளேட்டில் பக்கங்களின் படிகளை மாலையில் ஒருவர் எடுத்துக்கொண்டு போவார். கோடுகள் கிழிக்கப்பட்டுத் திரும்பி வரும். ‘பின்வாங்கினர்’ என்பது வெட்டப்படும். ‘நிலைகளை மாற்றியமைத்துள்ளனர்’ என்பது அனுமதிக்கப்படும். வாசகருக்கு இரண்டும் ஒன்றே. ஊர்ப் பெயர்களை வெட்டியவர்கள் தூரத்தை வெட்ட மறந்துவிடுவார்கள். முன்தினம் ஒரு சந்தியில் நடந்த சண்டை மறுநாள் அதற்குத் தெற்கே நான்கு மைல் தூரத்தில் நடந்தால், என்ன நிகழ்ந்தது என்பதை வவுனியாவில் உள்ள பலசரக்குக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். “தம்பி, வெட்டின இடத்தைத்தான் சனம் முதலில வாசிக்குது” என்று எங்கள் செய்தி ஆசிரியர் சொல்வார்.

குரலைக் கேட்டுப் பொருள் கொள்ளும் வித்தையில் எமது மக்கள் கைதேர்ந்தவர்கள். 1990களின் முற்பகுதியில் மின்சாரம் இல்லாமல், மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் அவர்கள். சுழற்றுபவர் களைத்தால் குரலும் களைக்கும். பி.பி.சி. தமிழோசை அறிவிப்பாளர் ஒரு வாக்கியத்துக்கு முன்னால் விட்ட மூச்சிலிருந்து இழப்பின் அளவைக் கணிப்பவர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தார்கள். அந்தத் தமிழோசையும் 1941 மே மாதத்தில், அதே உலகப்போரின் நடுவில், பிறந்ததுதான்.

ஷைரரின் வாழ்க்கையில் பெருஞ்செய்தி 1940 ஜூன் மாதத்தில் வந்தது. பிரான்ஸ் தோற்றுவிட்டது. 1918இல் தோற்ற ஜேர்மனி எந்த ரயில் பெட்டியில் கையெழுத்திட்டதோ, அதே பெட்டியில், கொம்பியேன் காட்டின் அதே இடத்தில் பிரான்ஸ் கையெழுத்திட வேண்டும் என்பது ஹிட்லரின் ஆசை. பெட்டியோ நூதனசாலை ஒன்றுக்குள் இருந்தது. ஜேர்மன் இராணுவப் பொறியியலாளர்கள் சுவரை இடித்து அதை வெளியே இழுத்தார்கள். ஜூன் 21ஆம் திகதி பிற்பகல் ஹிட்லர் வந்து இறங்கினார். ஏறத்தாழ ஐம்பது யார் தூரத்திலிருந்து தூரநோக்கிக் கண்ணாடியினூடாக ஷைரர் அவரது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜேர்மன் சாம்ராச்சியத்தின் குற்றம் நிறைந்த செருக்கு இங்கே வீழ்ந்தது எனப் பிரெஞ்சுக்காரர் 1918இன் நினைவாகப் பொறித்து வைத்திருந்த கல்லை ஹிட்லர் நின்று வாசித்தார். அப்போது அந்த முகத்தில் மாறி மாறித் தோன்றிய இகழ்ச்சி, சினம், வெறுப்பு, பழி தீர்த்த நிறைவு ஆகியவற்றை ஷைரர் வர்ணித்த பகுதியே அவரது எழுத்துக்களில் அதிகம் எடுத்தாளப்படுவது. பின்னர் பெட்டிக்குள் ஏறி, 1918இல் மார்ஷல் ஃபொஷ் அமர்ந்திருந்த ஆசனத்தில் ஹிட்லர் அமர்ந்தார்.

போர்நிறுத்தச் செய்தியைப் பேர்லினில் தானே முதலில் அறிவிக்க வேண்டும் என்பது ஹிட்லரின் விருப்பம். ஆகையால், வெளிநாட்டு நிருபர்களை அங்கிருந்து பேர்லினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஷைரர் போகவில்லை. இராணுவத்தினருக்குள் அவருக்கு இருந்த அறிமுகம் கைகொடுத்தது. மறுநாள் ஜூன் 22, மாலை 6.50க்கு உடன்படிக்கை கையெழுத்தானது. மரங்களுக்கிடையே நின்ற ஜேர்மன் ஒலிபரப்பு வாகனத்துக்கு அருகில் நின்று, என்.பி.சி.யின் வில்லியம் கேர்க்கரையும் சேர்த்துக்கொண்டு, சுமார் அரை மணி நேரம் அவர் பேசினார். அந்தப் பேச்சு கம்பி வழியாகப் பேர்லினுக்குப் போய், அங்கே ஒலிப்பதிவு செய்யப்பட்டு, ஹிட்லர் அனுமதித்த பின்னரே அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் என்பது ஏற்பாடு. பேர்லினில் யாரோ ஒரு பொறியியலாளர் ஆளியை மாற்றிப் போட்டுவிட்டார். ஷைரரின் குரல் பதிவுக்குப் போகாமல் நேராகச் சிற்றலையில் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. பேர்லின் அறிவிப்பதற்குப் பல மணி நேரம் முன்பாக, வேறெந்தச் செய்தி நிறுவனத்துக்கும் முன்பாக, பிரான்ஸின் சரணாகதியை அமெரிக்க மக்கள் கேட்டார்கள். பேசியவருக்கே அது தெரியாது. காட்டில் மழைத் தூறலில் நின்றவாறு, தனது பேச்சு எங்கோ ஒரு பதிவுத் தட்டில் கிடக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கேட்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். ஆவேசம் எதுவும் இல்லை. ஒரு குமாஸ்தா காணி உறுதி வாசிப்பது போன்ற குரல். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால், ஷைரரின் தொழில் வாழ்வில் மிக முக்கியமான செய்தி கொம்பியேன் அல்ல என்பது என் எண்ணம். அது ஒலிபரப்பப்படாத ஒன்று. 1940 இலையுதிர் காலத்தில், மனநோயாளர்களும் ஊனமுற்றோரும் ஜேர்மன் நிறுவனங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்படுகிறார்கள் என்ற தகவல் அவருக்கு எட்டியது. உறுதிப்படுத்துவது எவ்வாறு? யாரிடம் போய்க் கேட்பது? அவர் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைப் படிக்கத் தொடங்கினார். கிராஃபெனெக், ஹார்ட்ஹைம், சொனென்ஸ்டைன் என்ற மூன்று இடப்பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. வாரக் கணக்கான நிச்சயமின்மைக்குப் பின்னர் துயரச் செய்தி கிட்டியது என்றும், அஸ்திக் கலசம் ஏற்கனவே வந்து சேர்ந்துவிட்டது என்றும் அந்தக் குடும்பங்கள் விசித்திரமான வாசகங்களில் அறிவித்திருந்தன. வெளிப்படையாக எதையும் சொல்ல முடியாத மக்கள், கட்டணம் செலுத்திப் போட்ட அறிவித்தலின் சொற்தெரிவினால் சொல்லியிருந்தார்கள். நவம்பர் 25ஆம் திகதி நாட்குறிப்பில் ஷைரர் அதைப் பதிந்தார். 1941 ஓகஸ்டில் அந்தத் திட்டம் உத்தியோகபூர்வமாக நிறுத்தப்படும்வரை கொல்லப்பட்டோர் தொகை 70 ஆயிரத்துக்கும் அதிகம் என்பது பின்னாளில் நிறுவப்பட்டது.

தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்த எவரும் இந்தப் பகுதியைச் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போக முடியாது. மரண அறிவித்தல் பக்கம் எங்களுக்கு வருமானம் தருகின்ற பக்கம் என்பதற்கு அப்பால், போர்க்காலத்தில் அதுவே மிக நம்பகமான செய்திப் பக்கமாக இருந்தது. ஒரே திகதியில், ஒரே ஊரில், ஒரே குடும்பப் பெயரில் நான்கு அறிவித்தல்கள் வரும். ‘அகால மரணமானார்’ என்று மட்டும் இருக்கும். முன்பக்கத்தில் அந்த ஊரின் பெயரே இருக்காது. ஒப்புநோக்குநர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த படியை எடுப்பார்கள்.

1940ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஷைரரின் நிலை இறுகியது. ‘நாஜி’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, அமெரிக்கரின் காதுக்கு அது கெட்டதாக ஒலிக்கிறதாம். ‘தேசிய சோசலிஸ்ட்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஆக்கிரமிப்பு’ கூடாது. பிரிட்டிஷ் விமானங்கள் பேர்லினில் குண்டு போட்டதைக் கண்ணால் கண்டும் சொல்ல முடியாது. எஞ்சியிருந்தது உத்தியோகபூர்வ அறிக்கைகளை வாசிப்பது. அதற்கு ஓர் அமெரிக்கக் குரல் தேவையில்லை. கொயபெல்ஸின் ஆட்களே போதும். அவருக்கு எதிராக ஒற்று வேலைக் குற்றச்சாட்டு ஒன்று தயாராகிறது என்ற எச்சரிக்கையும் கிடைத்தது.

போர் தொடங்கியவுடனேயே அவர் வெளியேறியிருக்க வேண்டும், தணிக்கைக்குத் தலைசாய்த்து ஓராண்டுக்கு மேல் அங்கிருந்தது ஹிட்லருக்குச் செய்த ஊழியம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எம்மைப் பற்றியும் இதே கேள்வி கேட்கப்பட்டது. புலம்பெயர்ந்த நண்பர் ஒருவர், வெட்டப்பட்ட பத்திரிகையை வெளியிடுவதைவிட மூடிவிட்டுப் போவது கௌரவமல்லவா என்று எனக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு நான் அனுப்பிய பதிலில் வாதம் செய்யவில்லை. அந்த வாரத்து மரண அறிவித்தல் பக்கங்களை மடித்து அனுப்பினேன். ஷைரர் 1939இல் வெளியேறியிருந்தால் அந்த மூன்று இடப்பெயர்களை யார் எண்ணியிருப்பார்கள்? அதேவேளை, தங்கியிருப்பதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதை அவர் கண்டுகொண்டார் என்பதையும் நான் ஏற்கிறேன். சொல்ல முடிந்தது குறைந்துகொண்டே வந்து, சொல்ல வைக்கப்படுவது கூடிக்கொண்டே வரும்போது, இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தை அவரவர்தான் அறிய முடியும். எங்களில் சிலர் அதை அறிந்து விலகினார்கள். சிலர் அதற்கு முன்னரே கொல்லப்பட்டார்கள்.

வெளியேறுவதில் ஒரு சிக்கல் இருந்தது. நாட்குறிப்புகள். அவற்றில் இருந்த ஒரு பக்கமே அவரைத் தூக்குமேடைக்கு அனுப்பப் போதுமானது; பெயர்கள் பிடிபட்டால் அவருக்குத் தகவல் தந்தவர்களையும். அவர் செய்த காரியத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். பெட்டிகளின் அடியில் நாட்குறிப்புகளை வைத்தார். அவற்றின் மேல் தணிக்கையாளர்களின் முத்திரை பதித்த தனது பழைய ஒலிபரப்புப் பிரதிகளை அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே, கைப்பற்றப்பட வேண்டும் என்றே, சில இராணுவ வரைபடங்களை வைத்தார். பின்னர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேராகக் கெஸ்டாப்போவிடமே போனார். அவர்கள் வரைபடங்களைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்த திருப்தியில், முத்திரை குத்திய பிரதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிகளைக் கட்டி அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். டிசெம்பர் 5ஆம் திகதி விமான நிலையத்தில் கெஸ்டாப்போவின் முத்திரையைக் கண்டவர்கள் பெட்டிகளைத் திறக்கவில்லை.

லிஸ்பனில் மரோ காத்திருந்தார். இருவரும் சில நாட்களைக் கடலோரத்தில் ஒன்றாகக் கழித்தார்கள். ஷைரர் கப்பலேறினார். நாட்குறிப்பு 1941இல் நூலாக வந்து பெருந்தொகையில் விற்பனையாயிற்று.

அதன் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1947இல் ஷைரரின் வாராந்த நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்கிய சவர்க்கார நிறுவனம் விலகிக்கொண்டது. அப்போது நிர்வாகப் பதவியில் இருந்த மரோ தனக்காக நிற்கவில்லை என்று ஷைரர் கருதினார். தணிக்கையாளர்களால் செய்ய முடியாததை விளம்பரதாரர்கள் செய்துவிட்டார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. மரோவின் தரப்பு வேறு. 1950இல் இடதுசாரிகள் எனக் குறிப்பிடப்பட்டோரின் பட்டியலில் ஷைரரின் பெயர் வந்ததும் வானொலியின் கதவுகள் முற்றாக மூடின. விரிவுரைகள் செய்து பிழைத்தார். அந்த ஆண்டுகளில்தான், 1960இல் வெளிவந்த பெருநூலை எழுதினார்.

1964ஆம் ஆண்டில் மரோ புற்றுநோயால் மெலிந்திருந்தார். ஷைரரையும் மனைவியையும் தனது பண்ணைக்கு அழைத்தார். ஷைரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பண்ணையைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டவர், ஓரிடத்தில் நிறுத்திப் பழைய விடயத்தைப் பேச முற்பட்டார். ஷைரர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். மரோ மீண்டும் முயன்றார். ஷைரர் மீண்டும் திருப்பினார். பின்னர் இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மரோ காலமானார்.